முந்திச் சொன்னவள்

ஹாலினா நாற்காலியைத் தூக்கி வந்து, பனி அள்ளிய இடத்தின் நடுவில் வைத்து, ஆடாமல் நிற்கிறதா என்று இரண்டு கையாலும் அழுத்திப் பார்த்தாள். நின்றது. பழைய சமையலறை நாற்காலி. இரும்புக் கால்கள், மஞ்சள் ரெக்சின் இருக்கை, ஓரம் கிழிந்து பஞ்சு எட்டிப் பார்க்கும். அம்மா கடைசி வருடங்களில் இதைத்தான் முன்னறை ஜன்னலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, மடியில் சூப் கிண்ணத்துடன், எதிர் வீட்டுக்கு யார் வருகிறார்கள், எப்போது போகிறார்கள் என்று தெருவை உளவு பார்த்துக்கொண்டிருப்பாள். அக்டோபரில் அம்மா போனபிறகு ஹாலினா அதில் உட்காரவில்லை. தூக்கிப் போடவும் மனம் வரவில்லை. பனி விழ ஆரம்பித்ததும் நாற்காலிக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது.

முதுகு விண் விண்ணென்று தெறித்தது. ராத்திரி முழுக்கக் கொட்டித் தீர்த்திருந்தது. அது போதாதென்று நகராட்சி வண்டி வந்து நடுத்தெருப் பனியையெல்லாம் ஓரத்துக்குத் தள்ளி, நின்ற கார்களைச் சுற்றிக் கதவு உயரத்துக்கு ஒரு சுவர் எழுப்பிவிட்டுப் போயிருந்தது. அந்தச் சுவரை அவள் விடிவதற்கு முன்னால் எழுந்து தனி ஆளாக உடைத்தாள். மேலே பொடியாக இருப்பது அடியில் கல்லாக இருக்கும். மண்வாரி படும்போதெல்லாம் தோள்பட்டை வரை அதிரும். பள்ளிக்கூடச் சமையலறையில் பால் பெட்டிகளைத் தூக்கித் தூக்கித் தேய்ந்த தோள். அறுபது வயதைத் தாண்டியவள் இந்த வேலை செய்யக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். டாக்டர் வந்து அள்ளிவிட்டுப் போகலாமே.

காரை வெளியே எடுத்துவிட்டு நாற்காலியை வைத்தாகிவிட்டது. இனி அவள் வேலைக்குப் போய்விட்டு மதியம் திரும்பி வரும்வரை அந்த இடத்தை யாரும் தொடமாட்டார்கள். ஆர்ச்சர் அவென்யூவிலிருந்து பிரிகிற அந்தத் தெரு நெடுக அன்று காலை அப்படித்தான் இருந்தது. ஒரு இடத்தில் இஸ்திரி மேசை, ஒரு இடத்தில் உடைந்த தொட்டில், இன்னொரு இடத்தில் மூக்குப்போன மாதா சிலை. அடுத்த வீட்டு எஃப்ராயின் மட்டும் ஒழுங்காக இரண்டு ஆரஞ்சுக் கூம்புகள் வைத்திருந்தான். இப்படி வைக்கக்கூடாது என்று நகராட்சி வருடாவருடம் சொல்லும். சிகாகோவின் இந்தப் பக்கத்தில் நகராட்சி சொல்வதை யார் கேட்கிறார்கள்?

இந்த வழக்கத்துக்கு ஊரில் ஒரு பெயர் உண்டு. டிப்ஸ். ஓட்டலில் சாப்பிட்டு மேசைமேல் வைத்துவிட்டு வருகிற காசு இல்லை, அது வேறு. இது சின்னப் பிள்ளைகளின் சொல். எனக்குத்தான் முதல், நான்தான் முந்தி, மற்றவர்கள் கையை எடுங்கள் என்று ஒரு வாக்கியம் முழுக்கச் சொல்ல வேண்டியதை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிற சொல். தட்டில் கடைசிப் பலகாரம் இருக்கிறதா, டிப்ஸ். காரில் முன்சீட்டா, டிப்ஸ். யார் முதலில் சொன்னார்களோ அவர்களுக்கு. அடுத்தவர் அழலாம், சண்டை போடக்கூடாது. தெருவுக்கு வரும்போது மட்டும் அந்தச் சொல்லுக்குக் கொஞ்சம் நியாயம் வந்துவிடுகிறது. இங்கே வாயால் சொன்னால் போதாது. அள்ளியிருக்க வேண்டும். யார் முதுகு வலித்ததோ அவருக்கு இடம்.

ஹாலினாவுக்கு இந்தத் தெருச் சட்டம் பிடிக்கும். வீட்டுக்குள் அவள் பார்த்தது இன்னொரு சட்டம்.

அந்தச் சொல்லை வீட்டுக்குக் கொண்டுவந்தவள் அவள் அக்கா ரெனாட்டா. பள்ளிக்கூடத்துக்கு முதலில் போனவள் அவள்தானே. அப்பாவும் அம்மாவும் போலந்திலிருந்து கப்பலேறி வந்தவர்கள். வீட்டில் போலிஷ்தான் பேச்சு. ஒருநாள் ரெனாட்டா பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, இருவரும் படுக்கிற கட்டிலில், அறையைச் சூடேற்றும் ரேடியேட்டர் பக்கத்தைக் கையால் தட்டி அந்தச் சொல்லைச் சொன்னாள். ஹாலினாவுக்கு நான்கு வயது. அது என்னவென்றே தெரியாது. தெரிந்துகொண்டபோது கதகதப்பான பக்கம் போய்விட்டிருந்தது. அவள் ஜன்னல் பக்கம் படுத்து வளர்ந்தாள். ஜனவரி மாதத்தில் கம்பளியை மீறிக் காது சில்லிடும். அம்மாவிடம் போய் முறையிட்டால், "அமெரிக்கக்காரங்க ஏதோ மந்திரம் வெச்சிருக்காங்க. நீயும் கத்துக்க" என்பாள். கற்றுக்கொண்டாள். ஆனால் எதையாவது பார்த்து, ஆசைப்பட்டு, ஆசைப்படலாமா என்று யோசித்து வாயைத் திறப்பதற்குள் ரெனாட்டா சொல்லி முடித்திருப்பாள்.

வால்ட் வந்ததும் அப்படித்தான். உறவுக்காரர் கல்யாணத்தில் அக்கார்டியன் வாசிக்க வந்தவன், நீலக் கோட்டு, நெற்றியில் விழுகிற முடி. அவனை முதலில் பார்த்தவள் ஹாலினா. பார்த்ததோடு நிற்காமல் அக்காவின் இடுப்பில் இடித்துக் காட்டியவளும் அவளே. ரெனாட்டா ஒரு பார்வை பார்த்தாள், குனிந்து தங்கையின் காதில் அந்தச் சொல்லைச் சொன்னாள், சிரித்தாள். விளையாட்டுக்குத்தான் சொன்னாள். அடுத்த வருடம் அவனையே கட்டிக்கொண்டு புறநகரில் இரண்டு கார் நிறுத்தும் ஷெட் வைத்த வீட்டுக்குப் போய்விட்டாள். ஹாலினாவுக்கு வால்ட் மேல் காதல் என்றெல்லாம் சொல்ல முடியாது. பார்த்தது அவள் முதலில், அவ்வளவுதான்.

அப்பாவை, பிறகு அம்மாவைப் பார்த்துக்கொள்வதற்கு மட்டும் ரெனாட்டா எந்தச் சொல்லும் சொல்லவில்லை.

அடக்கத்தன்று ரெனாட்டா இரண்டு காரியம் செய்தாள். அம்மாவின் அம்பர் ஜெபமாலையை, "மூத்தவ நான்தானே" என்று எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். அப்புறம், காபி குடித்துக்கொண்டே, வீட்டை வசந்தத்தில் விற்றால் நல்ல விலை போகும் என்றாள். உயில் இருவர் பெயரிலும் இருந்தது. ஹாலினா பிறந்ததிலிருந்து வேறு வீட்டில் தூங்கியதில்லை. போக்கிடமும் இல்லை. அன்றிலிருந்து தொலைபேசி அடித்தால் ரெனாட்டாவாக இருக்குமோ என்று அவள் எடுக்கத் தயங்கினாள்.

மதியம் வேலை முடிந்து தெருவுக்குள் திரும்பியபோது தூரத்திலிருந்தே தெரிந்துவிட்டது. அவள் இடத்தில் வேறு வண்டி நின்றது. ஒயின் நிறத்தில், வீட்டு வாசலையே மறைக்கிற மாதிரி பெரிய வண்டி. நாற்காலி பனிமேட்டின் மேல் தலைகுப்புறக் கிடந்தது, நான்கு காலும் வானத்தைப் பார்த்தபடி.

காரை நடுத்தெருவிலேயே நிறுத்திவிட்டு இறங்கினாள். வண்டியின் முன்கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தாள். உள்ளே, பின்பக்கம் பார்க்கிற கண்ணாடியில் அம்பர் ஜெபமாலை தொங்கியது. தேன் நிற மணிகள். அம்மா விரலில் உருண்டு உருண்டு ஒரு பக்கம் மழுங்கிய மணிகள்.

சொல்லாமல் கொள்ளாமல் வந்திருக்கிறாள் என்றால் விற்கிற விஷயம்தான். வசந்தம் வரை பொறுக்க முடியவில்லை போலிருக்கிறது.

"பாத்தீங்களா தோன்யா, அநியாயத்த?" எஃப்ராயின் தன் வீட்டுப் படியில் நின்றிருந்தான். பெரியவர்களையும் மதிக்கிறவர்களையும் அவன் அப்படித்தான் கூப்பிடுவான். ஐம்பது வயது, தொந்தி, காதை மூடிய கம்பளித் தொப்பி. வீடுகளுக்குச் சூடேற்றும் கொதிகலன் பழுது பார்க்கிறவன். அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற நாட்களில் படியிலிருந்து காருக்குக் குழந்தையைப் போல் தூக்கி வந்து உட்கார வைத்தது அவன்தான். "சாப்பிட வந்தேன், அப்பவே நிக்குது. எவன் விட்டான்னு பாக்கல. காலைல நீங்க அள்ளுனத நான் ஜன்னல்ல இருந்து பாத்தேன். எந்திரிச்சு வந்து அள்ளிக் குடுக்கலாம்னா என் பொண்டாட்டி, அந்தம்மா கோவிச்சுக்கும், சும்மா இருன்னுட்டா."

"பரவால்ல."

"என்ன பரவால்ல? அந்த நாற்காலி உங்கம்மா உக்காந்த நாற்காலி. எனக்குத் தெரியாதா?" அவன் இறங்கி வந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினான். "தெரிஞ்சவங்க வண்டியா இருந்தா சொல்லுங்க, விட்டுருவோம். தெரியாத ஆளுன்னா, இந்தத் தெருவுல எப்படி வண்டி விடணும்னு கொஞ்சம் சொல்லிக் குடுத்துருவோம்."

சொல்லிக்கொடுப்பது என்றால் என்னவென்று தெருவுக்கே தெரியும். போன வருடம் மூலைவீட்டு இடத்தில் நிறுத்திவிட்டுப் போனவன் மூன்று வாரம் பேருந்தில் போனான். எஃப்ராயினின் நிலவறையில் துணி துவைக்கிற தொட்டி இருக்கிறது, தொட்டிக் குழாயில் மாட்டுகிற நீளமான ரப்பர் குழாய் இருக்கிறது. இந்தக் குளிருக்குத் தண்ணீர் வண்டிமேல் பட்டு வழிவதற்குள் இறுகிவிடும்.

"யாரு வண்டி தோன்யா?"

ஹாலினா ஜெபமாலையைப் பார்த்தாள். பிறகு நாற்காலியைப் பார்த்தாள்.

"தெரியல" என்றாள்.

"சரி. நீங்க உள்ள போய் டீ குடிங்க. நீங்க ஒண்ணும் பாக்கல."

அவள் காரை மாதா கோயில் மைதானத்தில் விட்டுவிட்டு நடந்து வந்தாள். வழியெல்லாம் வழுக்கல், வேலிகளைப் பிடித்துப் பிடித்து வரவேண்டியிருந்தது. கால் நோகவில்லை. அந்த ஒரு சொல் வாயில் பேரீச்சம்பழம் மாதிரி இனித்துக்கொண்டிருந்தது. தன்னை நினைத்துக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது, அதற்காக இனிப்பு குறையவில்லை.

ரெனாட்டா சமையலறையில் கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். சாவி அவளிடமும் உண்டு. ராத்திரிக்கென்று ஹாலினா எடுத்து வைத்திருந்த உருளைக்கிழங்குப் பியரோகிக் கொழுக்கட்டைகளை வெண்ணெயில் வதக்கியிருந்தாள்; தட்டில் இரண்டுதான் மிச்சம் இருந்தன.

"வந்துட்டியா? கார் சத்தமே கேக்கலயே. எங்கடி விட்ட?"

"கோயில்கிட்ட."

"அவ்ளோ தூரமா? ஏன்?"

"வாசல்ல இடம் இல்ல."

"ஆமா, தெருவா இது. எவனோ ஒரு ஓட்ட நாற்காலிய நம்ம வாசல்ல போட்டு வெச்சிருந்தான். தூக்கிக் கடாசிட்டு விட்டேன்."

"அம்மா நாற்காலி அது."

முள்கரண்டி பாதி வழியில் நின்றது. "அதையா தெருவுல போட்ட?"

"நான் அள்ளுன இடம், ரெனா. விடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சு அள்ளுனேன்."

"நான் வேணும்னா பண்ணேன்? நாற்காலில பேரா எழுதியிருக்கு?" ரெனாட்டா தட்டைத் தள்ளி வைத்தாள். "நம்ம வாசல்தானேடி. எனக்கு இங்க இடம் இல்லயா? உனக்கு முன்னாடி இந்த வீட்டுல பொறந்தவ நான்."

ஹாலினா கெட்டிலை எடுத்துக் குழாயடிக்குப் போனாள். பக்கத்து நிலவறையில் தண்ணீர் திறந்துவிட்டால் இந்த வீட்டுச் சுவருக்குள் குழாய் முனகும். அது முனகிக்கொண்டிருந்தது. ஹாலினா தன் குழாயையும் முழுக்கத் திறந்துவிட்டாள்.

டீயைக் கண்ணாடித் தம்ளர்களில் ஊற்றி, எலுமிச்சைத் துண்டு போட்டு, ஒன்றை அக்காவின் முன்னால் வைத்தாள். அப்போதுதான் முகத்தைச் சரியாகப் பார்த்தாள். எப்போதும் சாயம் போட்டு அலை அலையாகச் சீவியிருக்கும் தலையில் வகிடெல்லாம் வெள்ளை தெரிந்தது. உதட்டில் சாயம் இல்லை. கோட்டுப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது.

"ஹாலா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"எனக்குத் தெரியும். வீட்ட விக்கணும், அதானே. சுத்தி வளைக்காத."

"விக்கிறதா?" ரெனாட்டா எங்கேயோ நினைவாகக் கேட்டாள். "அதெல்லாம் விக்க வேணாம். நான் இங்கயே வந்துடறேன்."

ஹாலினாவுக்குப் புரியவில்லை. "எதுக்கு?"

"எதுக்குன்னா? இருக்கிறதுக்கு."

"வால்ட்டு?"

ரெனாட்டா தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். குடிக்கவில்லை. "வால்ட்டு ஒருத்தியப் பாத்துக்கிட்டான். கோல்ஃப் ஆடப் போன எடத்துல. அவ புருஷன் செத்தவளாம், நல்லா சமைப்பாளாம். ரெண்டு வருஷமா நடக்குது. நேத்து ராத்திரி ஃபோன்ல யார்கிட்டயோ பேசிட்டிருந்தான். நான் மாடிப்படில நிக்கறேன், அவனுக்குத் தெரியாது. என்னோட முதல் பொண்டாட்டி இருந்தாளேன்னு என்னப் பத்திச் சொல்றான். இருந்தாளாம். நான் அவனுக்குத் துணி மடிச்சு எடுத்துட்டு எறங்கிட்டிருக்கேன்." அவள் சிரிக்கப் பார்த்தாள். "பாரேன். முதல்னு சொன்னா பெருமைன்னு நெனச்சிட்டிருந்தேன் இத்தன நாளா. முதல்னு சொன்னாலே அடுத்தவ வந்துட்டான்னு அர்த்தம்."

அம்மா செத்தபோதுகூட அழாத ரெனாட்டா மூக்கை உறிஞ்சினாள். ஹாலினாவுக்கு முதலில் வந்தது நிம்மதி. வீடு போகவில்லை. சுவர், கூரை, முனகுகிற குழாய், எதுவும் போகவில்லை. அந்த நிம்மதி மூச்சாக வெளியே வருவதற்குள் அடுத்தது வந்து இடித்தது. அம்மாவின் அறை காலி. ஆஸ்பத்திரிக் கட்டிலை வாடகைக்கு விட்டவர்கள் எடுத்துப் போய்விட்டார்கள். மாடியில் பழைய கட்டில் ஒன்றுதான். காலையில் குளியலறைக் கதவு முன்னால் யார் நிற்பது, எந்த அலமாரி யாருக்கு, ஞாயிற்றுக்கிழமை எந்தப் பூசைக்குப் போவது, எல்லாவற்றையும் ரெனாட்டா முந்திச் சொல்லி முடித்துவிடுவாள். விற்றிருந்தால் பாதிப் பணமாவது வந்திருக்கும். இப்போது வந்திருப்பது பாதி வீடும் முழு அக்காவும்.

"சாமான்லாம் வண்டியில இருக்கு" என்றாள் ரெனாட்டா. "மூணு பெட்டி. பிரஷர் மாத்திரையும் அதுலதான். அவசரமில்ல, அப்புறம் எடுத்துக்கலாம்."

சுவருக்குள் குழாய் இன்னும் முனகியது.

ஹாலினா எழுந்தாள். அவள் எழுந்தது உண்மை. அதைப் பின்னால் பலமுறை தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். முன்னறை ஜன்னலைத் திறந்து ஒரு குரல் கொடுத்தால் போதும், எஃப்ராயின் நிறுத்திவிடுவான். பாதிதான் இறுகியிருக்கும், இருவரும் சேர்ந்து சுரண்டிவிடலாம். எவ்வளவு திமிர் பிடித்தவளாக இருந்தாலும் துரத்தப்பட்டு வந்தவள். நாற்பது வருடத்தை மூன்று பெட்டியில் போட்டுக்கொண்டு வந்தவள். ஹாலினா கதவு வரை போய்விட்டாள்.

"மேல நம்ம ரூம்லயே படுத்துக்கறேன்" என்றது பின்னாலிருந்து குரல். கண்ணைத் துடைத்துக்கொண்டு, லேசாகச் சிரித்தபடி, பழக்கத்தில், அறுபது வருடப் பழக்கத்தில் ரெனாட்டா சொன்னாள்: "ரேடியேட்டர் பக்கம் எனக்கு. டிப்ஸ்."

ஹாலினா நின்றாள். ரெனாட்டா கல்யாணமாகிப் போன அன்றைக்கு ராத்திரி அவள் கட்டிலில் அந்தப் பக்கம் நகர்ந்து படுத்தது நினைவுக்கு வந்தது. அன்றைக்கு முதுகில் ஏறிய சூடு அதன்பிறகு இறங்கவே இல்லை. தனக்குக் கிடைத்த ஒரே சொத்து அதுதான் என்றுகூட நினைத்திருக்கிறாள்.

அவள் திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

"டீ ஆறுது" என்றாள். "குடி."

குழாய் முனகுவது நின்று கொஞ்ச நேரத்தில் கதவு தட்டப்பட்டது. எஃப்ராயின். கையுறையெல்லாம் பனிக்கட்டி, முகத்தில் வேலையை நன்றாக முடித்த ஆளின் திருப்தி. "ஆச்சு தோன்யா. மார்ச் வரைக்கும் அவன் நகர மாட்டான். உங்க நாற்காலியையும் நிமித்தி வெச்சிட்டேன், வண்டிக்குப் பின்னாடியே. பாக்கறவங்களுக்குப் புரியணும்ல."

"யாருடி அது?" என்று ரெனாட்டா பின்னாலேயே வந்தாள். வந்தவள் ஹாலினாவின் தோளுக்கு மேலாகத் தெருவைப் பார்த்தாள்.

வண்டி நின்ற இடத்தில் வெளிச்சம் மங்கிய பளிங்குக் குவியல் ஒன்று நின்றது. கதவு எது, கைப்பிடி எது என்று சொல்ல முடியாது. சக்கரங்கள் தெருவோடு சேர்ந்துவிட்டிருந்தன. பின்பக்கக் கூரையிலிருந்து தண்ணீர் வழிந்து வழிந்து திரையாகத் தொங்கியது.

எஃப்ராயின் ஒருத்தி முகத்தைப் பார்த்தான், பிறகு மற்றவள் முகத்தைப் பார்த்தான். மூக்கு ஒரே மூக்கு. அவன் கை தானாகத் தொப்பியைக் கழற்றியது.

"உங்க வண்டிங்களா?" என்றான். "நான் கேட்டேம்மா. சத்தியமா கேட்டேன். தெரிஞ்சவங்களான்னு கேட்டேன்."

ரெனாட்டா கோட்டுப் பொத்தான் மாறிப்போட்டபடியே படியிறங்கிப் போனாள். வண்டியின் முன்னால் போய் நின்றாள். முன்கண்ணாடிமேல் உள்ளங்கையை வைத்தாள். பனிக்கட்டிக்கு அந்தப் பக்கம், தேன் நிறத்தில் ஏதோ ஒன்று கலங்கலாகத் தொங்கியது தெரிந்தது. அவள் வெகு நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஜெபமாலை தெரியலயா உனக்கு?" என்று திரும்பாமலே கேட்டாள்.

பொய் சொல்வதற்கு வழி இருந்தது. மங்கல், அவசரம், வயசான கண். ஹாலினா யோசித்தாள். யோசித்தால் என்றைக்கும் அவளுக்கு முந்தி வேறு யாராவது சொல்லிவிடுவார்கள். இன்று சொல்ல யாரும் இல்லை.

"தெரிஞ்சுது" என்றாள்.

எஃப்ராயின் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றான். ரெனாட்டா படியேறி வந்தாள். அடிப்பாள் என்று ஹாலினா நினைத்தாள். சின்ன வயதில் அடித்திருக்கிறாள். அடித்தால் தேவலை என்றுகூடத் தோன்றியது. ரெனாட்டா அவள் முன்னால் நின்று, முதல்முறையாகப் பார்க்கிற ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"பரவால்லயே. இத்தன வருஷத்துல ஒரு தடவ எனக்கு முந்திக்கிட்ட" என்றாள். கோபமே இல்லாமல் சொன்னாள். பிறகு அவளைத் தாண்டி உள்ளே போனாள். மாடிப்படி ஒவ்வொன்றாகக் கிறீச்சிட்டது. நான்காவது படியில் எப்போதும்போல் ஓரமாகக் கால் வைத்தாள். அந்தப் படி நடுவில் மிதித்தால் ஆடும் என்பது அவளுக்கு மறக்கவில்லை.

"அவ மாத்திரை வண்டிக்குள்ள இருக்கு" என்றாள் ஹாலினா.

"எந்தக் கதவு?" என்றான் எஃப்ராயின்.

"தெரியல."

இந்தமுறை அது உண்மை. அவன் சுரண்டியை எடுத்து வந்து பின்கதவுப் பக்கம் தட்ட ஆரம்பித்தான். ஹாலினா பக்கத்தில் நின்று இன்னொரு சுரண்டியால் தட்டினாள். சில்லுகள் தெறித்தன; அடியில் இன்னும் கட்டி. அவன் வேலையைத் திறமையாகத்தான் செய்திருந்தான். கொஞ்ச நேரத்தில் தெருவிளக்குகள் எரிய ஆரம்பித்தன.

"இது ஆகாது தோன்யா. குழாய்க்கு சூடு காட்டுற மெஷின் கடைல இருக்கு, எடுத்துட்டு வர்றேன்." அவன் தொப்பியை மாட்டிக்கொண்டு நாலு அடி போய்த் திரும்பினான். "நான் கேட்டேன்ல?"

"கேட்டீங்க."

"அப்புறம் ஏன்..." என்று ஆரம்பித்தவன், தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டான். நாளைக்குள் தெருவுக்கே தெரிந்துவிடும். தெரு தன் பக்கம்தான் இருந்தது என்பதை ஹாலினா நினைத்துப் பார்த்தாள். இத்தனை வருடமும் இருந்தது, இன்று மத்தியானம் வரைக்கும்.

நாற்காலியையாவது உள்ளே கொண்டுபோகலாம் என்று குனிந்து முதுகைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. வண்டியிலிருந்து வழிந்த தண்ணீர் நாற்காலியின் நான்கு காலையும் சுற்றி ஓடிப்போய் இறுகியிருந்தது. இரண்டு கையாலும் அசைத்துப் பார்த்தாள். உதைத்துப் பார்த்தாள். காலையில் ஆடாமல் நிற்கிறதா என்று பார்த்தோமே என்று நினைத்தபோது சிரிப்பு வந்தது. முதுகு தெறித்தது. அவள் அதன்மேலேயே உட்கார்ந்தாள். ரெக்சின் வழியாகக் குளிர் தொடையில் ஏறியது. சுரண்டி மடியில் கிடந்தது.

மாடியில் விளக்கு எரிந்தது. ஜன்னலில் ரெனாட்டாவின் நிழல் ஒருமுறை குறுக்கே போனது, கட்டிலைச் சுற்றிக்கொண்டு, ரேடியேட்டர் பக்கமாக. பிறகு நிழலைக் காணவில்லை. விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

தெருமுனையிலிருந்து ஒரு கார் மெதுவாக ஊர்ந்து வந்தது. இடம் தேடுகிற கார். இஸ்திரி மேசையைக் கண்டு தயங்கி, மாதா சிலையைக் கண்டு தயங்கி, ஒவ்வொன்றையும் மரியாதையாகத் தாண்டி வந்தது. மடியில் சுரண்டியோடு ஒரு அம்மாள் வண்டியின் பின்னால் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் நின்றது. கண்ணாடி இறங்கியது. வேலையிலிருந்து வருகிற இளைஞன், களைத்த முகம், உள்ளே ஏதோ பாட்டு.

"கிளம்புறீங்களாம்மா?" என்று கேட்டான்.

ஹாலினா மாடி ஜன்னலை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள்.

"இல்லப்பா" என்றாள். "யாரும் கிளம்பல."

அவன் கையை உயர்த்திக் காட்டிவிட்டு நகர்ந்தான். பின்விளக்கின் சிவப்பு அவள் கால் வைத்திருந்த பனிக்கட்டியில் நீளமாக விழுந்து, கார் போகப் போகச் சுருங்கியது. மூலையில் திரும்புவதற்கு முன்னால் எஃப்ராயினின் ஆரஞ்சுக் கூம்புகளுக்கு எதிரில் அது ஒருமுறை நின்றது. பிறகு அங்கேயும் இடமில்லை என்று போனது.